திருப்பி நட்ட கம்பம்

என் அக்காவின் கணவருக்கு ஊரில் ரசமட்டம் என்று பெயர். தச்சர்களும் கொத்தனார்களும் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கருவி அது. உள்ளே ஒரு குமிழி அங்குமிங்கும் ஓடும், நடுவில் நின்றால் வேலை சரி. அத்தானுக்கு அந்தக் குமிழி கண்ணிலேயே இருக்கிறது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நேராக்குவார், பிறகுதான் நலம் விசாரிப்பார். டீக்கடையில் மேசை ஆடினால், டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று குனிந்து, ஒரு அட்டையை மடித்துக் காலுக்கடியில் செருகிவிட்டுத்தான் நிமிர்வார்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதலில் வந்தது சமையலறைக் கதவைச் சரிசெய்ய. கதவு தரையில் இழுத்தது. அடியில் கொஞ்சம் சீவிவிட்டால் தீர்ந்தது. அவர் சீவவில்லை. கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு, நிலையே கோணல் என்றார். நிலை கோணல் என்றால் சுவரே கோணல் என்றார். இந்தச் சுவரைக் கட்டியவன் எவன் என்று கேட்டார். கட்டியவர் என் அப்பா. பக்கத்து அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை மூன்று நாள் நடந்தது. கதவில்லாத சமையலறையிலிருந்து மூன்று நாளும் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தது என் அக்கா. அதன் விளைவாகத்தான் அவர் எனக்கு அத்தான் ஆனார். கதவு இன்றுவரை ஒரு முனகல் முனகியதில்லை. அப்பா மட்டும் சாகும்வரை அந்தக் கதவைத் தாண்டும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார்.

அடுத்தவர் வேலையில் நொட்டை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் அத்தான் சொல்லும் நொட்டை பெரும்பாலும் உண்மையாக இருந்து தொலைக்கும். அதனால்தான் இன்னும் எரிச்சல் வரும். அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, நல்லதொரு வேலையைப் பார்த்துத் தப்பு என்று சொல்லிவிட்டார். அதை அவர் கண்டுபிடிக்க இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

சரக்குக் கிடங்கில் பெட்டி அடிக்கும் வேலையில் ஆரம்பித்தவர் அவர். பிறகு பாலம் கட்டுகிற இடத்தில் பலகை அடித்தார். அதற்குப் பிறகுதான் ஆற்றங்கரை மியூசியத்தில் தச்சராகச் சேர்ந்தார். சில வருடம் கழித்து அதே இடத்தில் டிக்கெட் கவுண்டரில் எனக்கு வேலை கிடைத்தது. தன் சிபாரிசு என்று அவர் சொல்லிக்கொள்வார். அப்படியெல்லாம் இல்லை.

மியூசியத்தில் எல்லாரும் பார்க்க வருவது மரக்கோட்டையைத்தான். கோட்டை என்றதும் கல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மரங்களை ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நட்டு, மேல்முனையைக் கூராகச் சீவி, நடுவில் ஒரு மைதானத்தை வளைத்திருக்கும். மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு கம்பம். அவ்வளவும் அத்தான் நட்டவை, ஒன்றைத் தவிர. வாசலின் இடப்பக்கக் கம்பம் மட்டும் அந்தக் காலத்தது. மற்றவற்றில் பாதியை ஊர் விறகாக்கிவிட்டது, மீதியை ஆறு கொண்டுபோய்விட்டது.

ஊருக்கு அந்தக் கோட்டை மீது தனிப் பெருமை. ஆற்று வழியாகக் கொள்ளைக்காரர்கள் வந்தபோது எங்கள் முன்னோர்கள் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டு நாற்பது நாள் தாக்குப்பிடித்தார்களாம். பந்தாட்டத்தில் தோற்றுக்கொண்டிருக்கும்போதுகூட, “நாப்பது நாள் நின்ன ஊருடா இது!” என்று கத்துவார்கள். அதன் பிறகும் தோற்பார்கள்.

கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு நீளமான கூடம் இருக்கிறது. அத்தான் செய்த சின்னச் சின்ன மாதிரிகள் அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. இரும்பே தெரியாத காலத்தில், அடிமுனையைத் தீயில் கருக்கிய கம்பங்களால் சுற்றி வளைத்த ஒரு கிராமம். ஆளுக்கு இரண்டு கழி சுமந்து நடக்கும் ஒரு படை. பொழுது சாய்கிற இடத்தில் பள்ளம் வெட்டி, மண்ணை மேடாக்கி, அதன்மேல் கழிகளை நட்டு உள்ளே தூங்குவார்கள், காலையில் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மூங்கிலையும் முள்ளையும் சுவராகவே வளர்த்துவிட்ட ஒரு மலையூர். கடைசிப் பெட்டியில் பீரங்கி. குண்டு பட்டதும் மரம் சிம்பு சிம்பாகத் தெறித்து, குண்டுக்குத் தப்பியவர்களைச் சிம்பு கொன்றது. அதற்குப் பிறகு மரத்தை நம்புவதை விட்டுவிட்டு மண்ணைக் குவிக்க ஆரம்பித்தார்கள்.

பார்க்க வருகிறவர்களிடம் அத்தான் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் விரலை ஆட்டிச் சொல்லுவார்.

“எந்த ஊரு, எந்தக் காலம்னாலும் ஒரே கணக்குதான். கம்பங்களைச் சேத்துப் பிடிக்கிற குறுக்குக்கட்டை இருக்கு பாருங்க, அது உள்பக்கம்தான் இருக்கணும். வெளிப்பக்கம் மொழுமொழுன்னு இருக்கணும். ஏறி வர்றவனுக்குக் கால் வைக்க ஒரு எடம் குடுக்கக் கூடாது. இது தெரியாதவன் வேலி கட்டவே லாயக்கில்ல.”

பழைய வாசல் கம்பத்தைக் காட்டி இன்னொன்றும் சொல்லுவார். அதன் வெளிப்பக்கத்தில், தோள் உயரத்தில், மரம் தேய்ந்து ஒரு குழிவு விழுந்திருக்கும். எண்ணெய் தடவியதுபோல வழவழப்பாக இருக்கும். கை வைத்துப் பார்க்காமல் யாரும் போவதில்லை. “மாடு உரசின தடம்” என்பார் அத்தான். நானும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது, “வாசல்ல மாடு உரசின தடம் இருக்கு, மறக்காம பாருங்க” என்று சொல்லி அனுப்புவேன்.

இருபத்திரண்டு வருடத்தில் நட்ட கம்பங்கள் எல்லாம் மண் மட்டத்தில் இற்றுப்போயின. ஆற்றங்கரை ஈரம் சும்மா விடுமா? எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டும் என்று போன வருடம் முடிவாயிற்று. அத்தான் ஓய்வு பெற அப்போது பத்து மாதம் இருந்தது. கோட்டையை முடித்துவிட்டுப் போகும்போது பெரிய விழா, வாசலில் அவர் பெயர் பொறித்த செப்புத் தகடு என்று பேச்சு. அத்தான் வாயால் வேண்டாம் என்றார். அக்கா புதுச் சட்டைக்குத் துணி எடுத்தபோது மட்டும் தடுக்கவில்லை.

ஒரு நாள் காலை எட்டரை மணி. நான் கவுண்டர் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். அத்தான் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. முகத்தில் ஈயாடவில்லை.

“வாயாடி, கொஞ்சம் வா.”

“என்ன அத்தான், ஏதாவது கம்பம் அரை அங்குலம் சாஞ்சிடுச்சா?”

“வான்னா வா.”

ஆற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். புதுக் கம்பங்களுக்காகப் பழைய பள்ளத்தை இந்த முறை இன்னும் ஒரு முழம் அகலமாக வெட்டச் சொல்லியிருந்தார். அகலமாக்கிய இடத்தில், களிமண்ணுக்குள், கன்னங்கரேல் என்று ஐந்து கட்டைகள் வரிசையாக நின்றன. முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் நட்ட இடத்திலேயே அசையாமல் நின்றன. ஈரக் களிமண் அவற்றை மக்க விடாமல் அப்படியே வைத்திருந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கோட்டையின் அடிக்கட்டைகள்தான்.

“அட, நல்லதுதானே? போட்டோ எடுத்துப் போடுவாங்க” என்றேன்.

“குறுக்குக்கட்டை எந்தப் பக்கம் இருக்கு பாரு.”

பார்த்தேன். ஐந்து கட்டைகளையும் சேர்த்து ஒரு குறுக்குக்கட்டை. மர ஆணிகள்கூட அப்படியே இருந்தன. அது ஆற்றைப் பார்த்து இருந்தது. அதாவது வெளிப்பக்கம்.

“அந்த ஆளுக்கு வேலை தெரியலன்னு வெச்சுக்கங்க” என்றேன்.

“அப்படித்தான் நானும் நெனச்சேன். இருபத்திரண்டு வருஷம் முன்னாடி.” சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “வாசல் கம்பத்தை அப்ப நான்தான் பிடுங்கினேன். அடியில தார் பூசித் திரும்ப நடணும். அதுல குறுக்குக்கட்டை உக்கார ரெண்டு காடி வெட்டியிருக்கும் இல்ல? அது வெளியே பாத்து இருந்துச்சு. எவனோ நடுவுல பிடுங்கித் தப்பா நட்டிருக்கான்னு முடிவு பண்ணி, திருப்பி நட்டுட்டேன். அதைப் பாத்துத்தான் மத்த முன்னூத்திப் பதினொண்ணும் நட்டேன்.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இதுல சொல்ல என்ன இருக்குன்னு விட்டுட்டேன். படம் எடுக்கவும் அப்ப ஆளில்ல.”

எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு பக்கம் இருந்தால் என்ன, மறுபக்கம் இருந்தால் என்ன என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அவர் அவ்வளவு பொறுமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“மொழுமொழுன்னு இருக்கிற பக்கத்துல நிக்கிறவன்தான் ஏறக் கூடாதவன். இங்க அது உள்பக்கம். வெளியே இருந்து யாரும் உள்ள வந்துடக் கூடாதுன்னு கட்டினது இல்ல இது. உள்ள இருக்கிறவங்க வெளியே போயிடக் கூடாதுன்னு கட்டினது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பது நாள் கதை, தகடு, விழா, அக்கா எடுத்த சட்டைத் துணி எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. ஊரெல்லாம் இவரிடம் குட்டு வாங்கியவர்கள்தான். ஒரு கதவு, ஒரு மேசை, ஒரு படிக்கட்டு என்று எதிலாவது இவர் மூக்கை நுழைத்து அவர்கள் மானத்தை வாங்கியிருப்பார். இது தெரிந்தால் விடுவார்களா?

“மூடிடுங்க அத்தான்” என்றேன். “நாலு கூடை மண்ணு. நானே அள்ளிப் போடுறேன். வெட்டின ஆளுங்களுக்கு இது வெறும் கட்டை. புரிஞ்சது நீங்களும் நானும்தான். பத்து மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க.”

இதைச் சொன்னதற்கு எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. அந்த நிமிடத்தில் எனக்கு அவர் மேல் பாசம்தான் இருந்தது, வரலாற்றின் மேல் இல்லை. அவர் ஒரு தார்ப்பாயை எடுத்துக் கட்டைகள் மேல் போட்டார். நாலு மூலையிலும் கல் வைத்தார். மூடவும் இல்லை, திறந்து வைக்கவும் இல்லை.

மதியம் அவரோடு நானும் சாப்பிடப் போனேன், தனியாக விட மனமில்லாமல். அக்கா வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கு எதிரே, அவர்கள் மகளின் பட்டமளிப்புப் படம் மாட்டியிருக்கும். அன்றைக்குத் துடைக்கும்போது நகர்ந்ததோ என்னவோ, ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. அத்தான் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். எழுந்திருக்கவில்லை. அக்கா படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள்.

“என்ன ஆச்சு உங்களுக்கு? டாக்டர்கிட்ட போலாமா?”

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். மூடச் சொன்னதையும் சொன்னேன். அக்கா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், இல்லை. தண்ணீர் டம்ளரை மேசைமேல் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

“எங்க அப்பாவோட சுவரைக் கோணல்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?”

“கோணல்தானே?”

“கோணல்தான். அவருக்கும் தெரியும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே தெரியும். ஆனா ஒரு தடவைகூட வாயைத் திறந்து ஒத்துக்கல. சாகிற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தாரு. எனக்கு அது பாக்க ரொம்பக் கஷ்டமா இருக்கும்.” அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

அத்தான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். படத்தை நேராக்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மியூசியத்தின் இயக்குநர் வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், படித்தவர், எதற்கும் சத்தமாகப் பேசாதவர். அவர் அறையில் நாற்காலியில் உட்காரச் சொல்லியும் அத்தான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தார். வேலையை விட்டு அனுப்புவார்கள், குறைந்தபட்சம் நாலு வார்த்தை கேட்பார்கள் என்று நான் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த அம்மாள் எழுந்து ஓடாத குறையாகப் பள்ளத்துக்குப் போனார். புடவை சேறாவதைக்கூடப் பார்க்காமல் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா இது? ரொம்ப நன்றி! உங்க தப்பு எங்களுக்கு எவ்வளவு உதவியா இருக்கு!” என்றார்.

சந்தோஷத்தில்தான் சொன்னார். ஆனால் திட்டியிருந்தால் அத்தானுக்கு அதைவிட நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரமே பேராசிரியர்கள் வந்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். கதவின் தாழ்க்கட்டைகூட வெளிப்பக்கம்தான் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். படகு வரும்வரை மனிதர்களை அடைத்து வைத்து, பிறகு ஆற்று வழியாக ஏற்றி விற்க அனுப்பிய இடமாக இருக்கலாம் என்றார்கள். நாற்பது நாள் என்பது படகுக்குக் காத்திருந்த நாளாக இருக்கலாமாம். உள்ளே இருந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று தெரியாது. கதவை வெளியே இருந்து தாழிட்டவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைக்காரர், “வாங்க ரசமட்டம், இந்த மேசையையும் திருப்பிப் போட்டுப் பாருங்க” என்றார். முன்பு இவரிடம் குட்டு வாங்கிய ஒரு கொத்தனார் கடைக்குள்ளிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். நாற்பது நாள் கதையைப் பிடுங்கிவிட்டதாகச் சில பேருக்கு உண்மையாகவே கோபம். அத்தான் எல்லாவற்றையும் வாங்கிக்கட்டிக்கொண்டார். அந்த மேசைக்கு அடியில் மட்டும் அட்டை வைக்காமல் வந்தார், அதுவரைக்கும் எனக்குத் திருப்தி.

ஒரே ஒரு இடத்தில்தான் அவர் மல்லுக்கு நின்றார். வாசலில் வைக்கப்போகும் புது அறிவிப்புப் பலகையில், வாசல் கம்பம் முன்பு “தவறுதலாகத் திசைமாறி நடப்பட்டது” என்று எழுதியிருந்தார்கள்.

“தவறுதலா நடல மேடம். யோசிச்சுத்தான் திருப்பினேன். பழைய தச்சனுக்கு வேலை தெரியலன்னு நெனச்சேன். அதை எழுதுங்க.”

“இப்படியெல்லாம் பலகையில எழுத மாட்டாங்க. உங்க கௌரவத்துக்காகத்தான் சொல்றேன்.”

“அந்த ஆளுக்கும் கௌரவம் இருக்கு இல்ல மேடம்? இருபத்திரண்டு வருஷமா நான் அவரை வேலை தெரியாதவன்னு ஆக்கி வெச்சிருக்கேன்.”

ஒற்றைக்காலில் நின்று சாதித்தார். பலகையில் இப்போது இப்படி இருக்கிறது: ‘பழைய தச்சர் தவறிழைத்துவிட்டார் என்று கருதி, பின்னாள் தச்சர் இக்கம்பத்தைத் திருப்பி நட்டார். பழைய தச்சர் தவறிழைக்கவில்லை.’ செப்புத் தகடு வேண்டாம் என்று இந்த முறை உண்மையாகவே சொல்லிவிட்டார்.

கோட்டை முழுவதையும் மறுபடி நட்டு முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. குறுக்குக்கட்டைகள் எல்லாம் வெளியே. வாசல் கம்பத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். ஒரு காலை, ஆட்கள் கயிறு கட்டி அதை நிமிர்த்தினார்கள். அத்தான் தூக்குக்குண்டு விட்டு நாலு பக்கமும் பார்த்தார். காடிகள் வெளியே பார்த்து உட்கார்ந்தன. மண் போட்டு இறுக்கியதும் ஆட்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் கவுண்டரிலிருந்து வந்திருந்தேன்.

“கதவைச் சாத்தித் தாழைப் போடு. இடுக்கு தெரியுதான்னு உள்ளே இருந்து பாக்கிறேன்” என்றார்.

சாத்தினேன். தாழ்க்கட்டையை வெளியே இருந்து தள்ளினேன். “இனிமேலாவது அக்கா நிம்மதியா இருக்கட்டும்” என்றேன். வழக்கமாக இதற்கு ஒரு பதில் வரும். வரவில்லை.

“அத்தான்?”

சத்தமில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. கட்டையை இழுத்துத் திறந்துகொண்டு உள்ளே போனேன். அவர் வாசல் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கதவு திறக்கக் காத்திருக்கும் யாரும் நிற்பதுபோலத்தான், ஒரு தோளைக் கொடுத்து நின்றார். அந்தக் குழிவு இப்போது உள்பக்கம் இருந்தது. அவர் தோள் அதில் அப்படியே பொருந்தியிருந்தது.

என்னைப் பார்த்ததும் சட்டென்று விலகினார். குழிவில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அதற்குக் கீழே இன்னும் சின்னதாக ஒன்று. முன்பு நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. இடுப்பு உயரத்தில் இருந்தது, ஒரு குழந்தையின் தோள் உயரம்.

“மாடுன்னு சொல்லிட்டேனே” என்றார் அத்தான். “இவ்வளவு வருஷமா, வந்தவங்க எல்லார்கிட்டயும் மாடுன்னு சொல்லிட்டேனே.”

கம்பத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். என் அப்பா செத்தபோதும் அழாத மனிதர். நானும்தானே சொல்லியிருக்கிறேன், டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து, மறக்காமல் பாருங்கள் என்று. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்கக் காலால் பிடித்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.

அத்தான் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. நான் இன்னும் கவுண்டரில்தான் இருக்கிறேன். போன வாரம் ஒரு அம்மா வெளியே வரும்போது என் ஜன்னலில் நின்று கேட்டார்.

“வாசல் கம்பத்துல உள்பக்கம் ரெண்டு குழி இருக்கே, அது என்னங்க?”

“ஆளுங்க சாஞ்சு நின்ன எடம்மா” என்றேன். “ஒண்ணு பெரியவங்க. ஒண்ணு குழந்தை.”

அவர் மறுபடி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இன்னொரு டிக்கெட் நான் கேட்கவில்லை.